நிலம் ஏறினால் யாருக்கு லாபம்? வீட்டு விலையை அடக்க நகரங்கள் கண்ட வழிகள்

2004-இல் பெர்லின் நகரம் தனக்குச் சொந்தமான வீட்டு நிறுவனம் ஒன்றை விற்றது. ஏறக்குறைய 65,000 வாடகை வீடுகள், 40.5 கோடி யூரோ. நிறுவனத்தின் கடனும் வாங்கியவர்கள் தலையில். அன்றைக்கு அது நல்ல வியாபாரமாகவே பலருக்கும் தெரிந்தது. நகரத்தின் கஜானா காலி, மக்கள்தொகை கூடவில்லை, பூட்டிக் கிடந்த வீடுகளோ ஏராளம். 2021-இல் அதே நகரத்தின் நிறுவனங்கள் தனியாரிடமிருந்து 14,750 வீடுகளை வாங்கின. விலை ஏறக்குறைய 246 கோடி யூரோ. பழைய கடனையும் சேர்த்தே கணக்குப் போட்டாலும், ஒரு வீடு போன விலைக்கும் வந்த விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இடைப்பட்ட 17 ஆண்டுகளில் அந்நகரத்தின் பழைய கட்டடங்களுக்கு வயது கூடியதே தவிர அவை புதிதாகிவிடவில்லை. ஏறியது அவற்றின் அடியில் இருந்த நிலத்தின் விலை. நகரத்துக்கு வேலைகள் வந்தன, இளைஞர்கள் வந்தார்கள், வட்டி தரைமட்டத்துக்கு இறங்கியது. இதில் எதையும் வீட்டு உடைமையாளர் செய்யவில்லை. ஊரே சேர்ந்து உண்டாக்கிய ஏற்றம் ஒருவர் கையில் போய்ச் சேர்வது சரியா என்று அமெரிக்கப் பொருளியல் எழுத்தாளர் ஹென்றி ஜார்ஜ் 1879-இலேயே கேட்டுவிட்டார். நிலத்துக்கு மட்டும் வரி போடுங்கள், கட்டடத்தை விட்டுவிடுங்கள் என்பது அவர் சொன்ன மருந்து. எஸ்தோனியா 1990-களில் அப்படித்தான் தன் வரியை அமைத்துக்கொண்டது. பெரும்பாலான நாடுகள் கேட்டுக்கொண்டதோடு சரி.

இந்தக் கட்டுரைக்கு வேண்டிய கேள்வியும் அதுதான். வேலை தேடி மக்கள் வந்துகொண்டே இருக்கும் ஒரு நகரம். சம்பளத்தைவிட வாடகை வேகமாக ஏறுகிறது. நகர மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வது? கட்ட நினைப்பவர்களைத் தடுக்காமல் விடலாம். நகரமே கட்டி வாடகைக்கு விடலாம். அரசே கட்டி மக்களுக்கு விற்கலாம். வாடகைக்கு உச்சவரம்பு போடலாம். டோக்கியோ, வியன்னா, சிங்கப்பூர், பெர்லின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர்பெற்ற உதாரணம் இருக்கிறது. இந்த ஒப்பீடுகளில் வழக்கமாக “எங்கே மலிவு?” என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நிலத்தின் ஏற்றம் ஒவ்வொரு வழியிலும் யார் பைக்குப் போகிறது என்பதுதான். போகும் பை எதுவோ, அந்தப் பையை வைத்திருப்பவர்கள்தான் அடுத்த தேர்தலில் அந்தக் கொள்கையைக் காப்பாற்றுவார்கள், அல்லது கவிழ்ப்பார்கள்.

டோக்கியோ: கட்ட விடு

ஜப்பானில் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற விதி நாடு முழுவதற்கும் ஒன்றுதான். 1968-ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டத்தின் கீழ் இன்று மொத்தம் 13 வகை மண்டலங்கள். எந்தத் தெருவுக்கு எந்த வகை என்று உள்ளூர் நிர்வாகம் குறிக்கலாம். புதிதாக ஒரு வகையைத் தானே கண்டுபிடிக்க முடியாது. இந்த வகைகள் ஏணிப்படி மாதிரி. குடியிருப்புப் பகுதியில் இருந்து வணிகம், தொழில் என்று மேலே போகப்போக அனுமதிக்கப்படுவதன் பட்டியல் நீள்கிறது. வீடு அந்தப் பட்டியலிலிருந்து விழுவதில்லை. தொழிற்சாலைகளுக்கென்றே ஒதுக்கிய ஒரே ஒரு வகையில்தான் வீடு கட்டக் கூடாது. திட்டம் விதிக்குள் இருந்தால் அனுமதி கிடைத்துவிடும். பக்கத்துத் தெருக்காரர்கள் கூட்டம் போட்டு ஓட்டெடுத்து நிறுத்திவிட முடியாது.

விளைவு கண்ணுக்குத் தெரியும். 2014-இல் டோக்கியோவில் மட்டும் கட்டத் தொடங்கிய வீடுகள் இங்கிலாந்து முழுவதிலும் தொடங்கியதைவிட அதிகம். ஏற்றம் இங்கே யார் பைக்கும் முழுதாகப் போவதில்லை. விலை ஏறத் தொடங்கினால் இன்னொருவர் கட்டிவிடுகிறார், ஏற்றம் கரைந்துபோகிறது.

ஆனால் விதி மட்டுமே காரணம் என்றால் பாதிக் கதைதான். 1980-களின் இறுதியில் ஜப்பானிய நிலம் எந்தக் கணக்குக்கும் அடங்காமல் ஏறியது. டோக்கியோ அரண்மனை வளாகத்தின் மதிப்பு கலிஃபோர்னியா மாநிலம் முழுவதையும் மிஞ்சும் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அன்றைக்கும் இதே 1968 சட்டம்தான் இருந்தது, அதுவும் இன்றைக்கு உள்ளதைவிட இறுக்கமாக. கடன் மலிவாகக் கிடைத்தால் எந்த விதியும் விலையைப் பிடித்து வைக்காது. 1991-க்குப் பிறகு நிலம் சரிந்தது, சரிந்துகொண்டே போனது. ஒரு தலைமுறை முழுவதும் “நிலம் ஒருநாளும் ஏமாற்றாது” என்ற நம்பிக்கையைத் தொலைத்தது. நடுவே தேக்கத்தை உடைக்க அரசு கட்டட விதிகளை மேலும் தளர்த்தியது; 2002-இல் நகரப் புத்துயிருக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

அப்புறம் வீட்டைப் பற்றிய பார்வை. அங்கே மரவீட்டின் ஆயுளை வரிக் கணக்குக்கு 22 ஆண்டு என்று வைத்திருக்கிறார்கள். வங்கியும் அதை ஒட்டியே மதிப்புப் போடுகிறது. முப்பது வயதான வீடு என்றால் வாங்குபவர் பார்ப்பது மனையை மட்டும். வீட்டை இடிக்கும் செலவைக்கூடக் கழித்துக்கொள்வார். இதற்கு ஜப்பானியப் பண்பாட்டைக் காரணம் சொல்வார்கள். இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார்களே, புதுமை அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள். எனக்கு இது முழுதாகச் செரிக்கவில்லை. உலகிலேயே பழைய மரக்கட்டடம் என்று பெயர் வாங்கிய ஹொர்யூஜி ஆலயமும் அதே நாட்டில்தான் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. நிலநடுக்கம், 1981-இல் கடுமையாக்கிய கட்டட விதி, அதற்கு முந்தைய வீட்டை நம்பாத வங்கி, போர்க் குண்டுகளில் எரிந்துபோன நகரங்களை அவசரமாகக் கட்டியெழுப்பிய அனுபவம், இவையெல்லாம் சேர்ந்து உண்டாக்கிய பழக்கம் அது. பழக்கம் ஐம்பது ஆண்டு நீடித்தால் பண்பாடு என்று பெயர் வந்துவிடுகிறது.

எப்படி வந்திருந்தாலும் அதன் பலன் பெரிது. வீடு ஒருவரின் ஓய்வூதியமாக இல்லாதபோது, எதிர்ப்புறம் பத்து மாடி எழும்பினால் அவருக்கு வெயில் போகிறதே என்ற கவலை வரும். சேமிப்பு போகிறதே என்ற பதற்றம் வராது. எதிர்ப்பின் வேகம் அங்கேயே பாதியாகிவிடுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. 2023 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம், மொத்தத்தில் 13.8 சதவீதம். இடித்துக் கட்டி இடித்துக் கட்டிச் சேரும் கட்டடக் குப்பை வேறு. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அதே 2023-இல் டோக்கியோவின் 23 வட்டாரங்களில் புது அடுக்குமாடி வீட்டின் சராசரி விலை 10 கோடி யென்னைத் தாண்டியது. டோக்கியோவை மலிவு விலைச் சொர்க்கமாக எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வியன்னா: நகரமே வீட்டுக்காரர்

வியன்னாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கார்ல் மார்க்ஸ் ஹோஃபில் தொடங்குவார்கள். 1927 முதல் 1930 வரை கட்டிய, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் 1,382 வீடுகள் கொண்ட நகராட்சிக் குடியிருப்பு மாளிகை. பார்க்க அழகுதான். ஆனால் கதை அதற்குப் பத்தாண்டு முன்பு தொடங்குகிறது.

முதல் உலகப் போரின் நடுவே, 1917-இல், போர்முனையில் இருப்பவர்களின் குடும்பங்களைத் தெருவில் தள்ளக் கூடாது என்று வாடகையை உறைய வைத்தார்கள். போர் முடிந்தது, பணவீக்கம் தலைவிரித்து ஆடியது. உறைந்த வாடகையின் மதிப்பு கிட்டத்தட்டச் சூனியமானது. வாடகை வராத நிலத்தை எவர் வாங்குவார்? ஒருவரும் இல்லை, நகராட்சி மட்டும் வாங்கியது. சில ஆண்டுகளில் நகரத்தின் பெரிய நில உடைமையாளராக அதுவே நின்றது. 1923-இல் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் வீட்டு வரியைக் கொண்டுவந்தார். சிறிய வீட்டுக்குச் சில்லறை, மாளிகைக்குச் செங்குத்தான தொகை. அந்தப் பணத்தில் 1934-இல் ஆட்சி கவிழும்வரை 60,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

பெர்லின் 2004-இல் செய்ததன் நேர் எதிர் இது. ஒரு நகரம் யாருக்கும் வேண்டாதபோது வாங்கியது. இன்னொன்று யாருக்கும் வேண்டாதபோது விற்றது.

இன்று வியன்னாவின் நகராட்சி வீடுகள் ஏறக்குறைய 2.2 லட்சம். லாப வரம்புக்கு உட்பட்ட வீட்டுச் சங்கங்களின் வீடுகள் இன்னொரு 2 லட்சம். நகரவாசிகளில் சுமார் பாதிப்பேர் இவற்றில் இருக்கிறார்கள். வருமான வரம்பு உயரமாக இருப்பதால் ஆசிரியர், செவிலியர், கடைக்காரர் எல்லோரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தால் வீடுகளும் ஒதுக்கப்பட்டவையாக ஆகியிருக்கும். பல நாடுகளில் நடந்தது அதுதான். ஆஸ்திரியாவில் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு, ஊழியரும் முதலாளியும் பாதிப் பாதியாக, வீட்டுக்கென்று போகிறது. எல்லோரும் கொடுக்கிறார்கள், பாதிப்பேர் நேரடியாக அனுபவிக்கிறார்கள். ஆகவே யாரும் அதில் எளிதில் கை வைக்க மாட்டார்கள்.

ஆனால் இதைப் பார்த்து “நாமும் வியன்னா ஆகிவிடலாம்” என்று கிளம்புகிறவர்கள் ஒரு எண்ணை விட்டுவிடுகிறார்கள். 1910-இல் வியன்னாவில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்த பிறகு நகரம் சுருங்கியது; மறுபடி 20 லட்சத்தைத் தொட்டது 2023-இல். நூறு ஆண்டு கூட்டம் சேராத ஒரு நகரத்தில் நிலம் சேர்த்து வைப்பது ஒன்று. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்திறங்கும் நகரத்தில் இன்றைய சந்தை விலைக்கு நிலம் வாங்கத் தொடங்குவது முற்றிலும் வேறு. வந்தவர்களுக்கும் அங்கே கதவு உடனே திறப்பதில்லை. நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்கவே இரண்டு ஆண்டு அங்கே பதிவு செய்து குடியிருந்திருக்க வேண்டும். அதுவரை தனியார் சந்தைதான் கதி, அங்கே வாடகை வேறு மாதிரி. 2004 முதல் 2015 வரை நகராட்சி தானாகக் கட்டுவதையே நிறுத்தி வைத்திருந்தது என்பதும் பலருக்குத் தெரியாது.

சிங்கப்பூர்: அரசு கட்டும், மக்கள் வாங்குவார்கள்

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. அங்குள்ள தமிழர்கள் சுருக்கமாக வீவக என்பார்கள். அடுத்த ஆண்டே புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீப்பிடித்து ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்த நெருப்பு கட்டும் வேகத்தையும் கூட்டியது, நிலம் எடுக்கும் துணிச்சலையும் கொடுத்தது. 1966-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1973 திருத்தத்தில் இழப்பீட்டை அந்த ஆண்டு நவம்பர் 30-இன் விலையோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகான ஏற்றம் உடைமையாளருக்குக் கிடையாது என்று அன்று ஆனது. ஏறக்குறைய பாதியாக இருந்த அரசின் நிலப் பங்கு இன்று 90 சதவீதம் அளவில் இருக்கிறது. எந்த ஜனநாயகத்திலும் இன்று இப்படி ஒரு சட்டம் நீதிமன்றப் படியைத் தாண்டுமா என்பது சந்தேகம்தான்.

வாடகைக்கு விடாமல் விற்பது என்று 1964-இல் முடிவெடுத்தார்கள். 1968-இல் மத்திய சேம நிதியிலிருந்து வீட்டுத் தவணை கட்டலாம் என்று வந்ததும் வேகம் பிடித்தது. சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கும் ஓய்வூதியப் பணம் வீடாக மாறியது. சொந்த வீடு உள்ள குடும்பங்கள் 1970-இல் நூற்றுக்கு 29. 1990-இல் நூற்றுக்கு 88. சொந்த வீட்டு ஆசை ஆசியப் பண்பாட்டின் அடையாளம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டுவேன். ஆசை எங்கும் இருக்கிறது. இருபதே ஆண்டில் சொந்த வீடு மூன்று மடங்கானதற்குக் காரணம் சேம நிதிக் கணக்கு. ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகையில் இருப்பதும் அப்படித்தான்: வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாத சட்டம் இருந்தால் வாடகை வீடு கேவலமாகத் தெரியாது.

பண்பாட்டைத் தொட்ட இன்னொரு முடிவும் அங்கே உண்டு. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் (வீவக அடுக்குமாடிக் கட்டடத்திலும்) எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். தனித் தனி இனச் சேரிகள் உருவாகாததற்கு அது பெரிய காரணம். விலையும் உண்டு: வரம்பு நிறைந்த புளோக்கில் சிறுபான்மை இனத்தவர் தம் வீட்டை விற்கப் போனால் வாங்கத் தகுதியுள்ளவர்கள் குறைவு, கிடைக்கும் தொகையும் குறையலாம். ஒற்றுமைக்கான செலவை அவர்கள் கூடுதலாகச் சுமக்கிறார்கள்.

ஏற்றம் இங்கே யார் பைக்கு? முதலில் பழைய நில உடைமையாளரிடமிருந்து அரசுக்கு. பிறகு வீடு வாங்கிய குடும்பத்துக்கு. சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. வீடே ஓய்வூதியம் என்று ஆனபின் விலை இறங்குவதை வீவக குடும்பங்கள் விரும்பாது. ஏறுவதைப் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் தாங்க மாட்டார்கள். அரசு இரண்டுக்கும் நடுவே கயிற்றில் நடக்கிறது. வெளிநாட்டினர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி 2023-இல் 60 சதவீதம் ஆனது அந்த நடையின் ஓர் எட்டு. கூடவே 99 ஆண்டுக் குத்தகை. காலம் முடிந்தால் வீடு அரசுக்குத் திரும்பும். பழைய புளோக்குகளை எல்லாம் அரசு முன்கூட்டியே எடுத்துக்கொண்டு புது வீடு தரும் என்று பலர் நம்பியிருந்தார்கள். அப்படி எண்ண வேண்டாம் என்று அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதிர்ச்சி பெரிது. சட்டத்தில் தொடக்கத்திலிருந்தே எழுதியிருந்ததைத்தான் அவர் நினைவுபடுத்தினார்.

நிலம் அரசிடம் இருந்துவிட்டால் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஹாங்காங்கில் செயின்ட் ஜான் பேராலயம் நிற்கும் துண்டு நிலத்தைத் தவிர எல்லாமே அரசின் நிலம். ஆனாலும் உலகின் ஆக விலையுயர்ந்த வீட்டுச் சந்தைகளில் ஒன்று அது. ஏன்? குத்தகை ஏலத்தில் வரும் பணத்தை நம்பி அங்கே வருமான வரியைக் குறைவாக வைத்திருக்கிறார்கள். நிலம் மலிந்தால் பட்ஜெட் ஓட்டையாகும். 1997-இல் ஆண்டுக்கு 85,000 வீடு கட்டுவோம் என்று அப்போதைய ஹாங்காங் தலைமை நிர்வாகி துங் சீ ஹ்வா அறிவித்தார். ஆசிய நிதி நெருக்கடி வந்தது, விலை 2003-க்குள் பாதிக்கும் கீழே விழுந்தது, கடனில் வீடு வாங்கியவர்கள் கொதித்தார்கள், திட்டம் சத்தமில்லாமல் போனது. சீன நகரங்களின் கதையும் இதே ரகம்: நில உரிமை விற்ற வருமானம் 2021-இல் 8.7 லட்சம் கோடி யுவான், 2024-இல் 5 லட்சம் கோடிக்கும் கீழே. நிலத்தை விற்றுச் சாப்பிடும் நகரம் நிலம் மலிவதை எப்படி விரும்பும்? சிங்கப்பூரில் நில விற்பனைப் பணம் அன்றாடச் செலவுக்குப் போகாது. அரசின் இருப்பு நிதியில் சேர்ந்துவிடும். வெளியே அதிகம் பேசப்படாத இந்த ஒரு விதிதான் இரண்டு தீவுகளையும் பிரிக்கிறது என்று நினைக்கிறேன்.

பெர்லின்: உச்சவரம்பு

வாடகை உச்சவரம்பு ஆக வேகமான மருந்து. கட்டுவதற்கு ஐந்து ஆண்டு ஆகும்; சட்டம் நாளைக்கே வேலை செய்யும். 2020 பிப்ரவரியில் பெர்லின் தன் பழைய வாடகை வீடுகளில் பெரும்பாலானவற்றின் வாடகையை 2019 ஜூன் 18-இல் இருந்த அளவில் நிறுத்தியது. 2014 முதல் கட்டிய வீடுகளுக்கு விலக்கு. வரம்புக்குள் வந்த வீடுகளின் வாடகை இறங்கியது, மெய்தான். ஆனால் அப்படிப்பட்ட வீடுகளுக்கான விளம்பரங்கள் பாதியாகக் குறைந்தன. இருப்பவர் நகரவில்லை, காலியானதை உடைமையாளர் விற்றுவிட்டார். விலக்குப் பெற்ற புது வீடுகளின் வாடகை எகிறியது. 2021 ஏப்ரலில் இது, தானே ஒரு மாநிலமுமான பெர்லினின் அதிகார வரம்பில் இல்லை என்று கூறி அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. குறைத்துக் கொடுத்த வாடகையைத் திருப்பிக் கேட்டு வீட்டுக்காரர்கள் வந்து நின்றபோது பல குடும்பங்கள் திண்டாடின.

ஏற்றம் இங்கே ஏற்கெனவே உள்ளே இருக்கும் வாடகைதாரருக்குப் போகிறது. நாளை வரப்போகிறவர் அதற்கு விலை கொடுக்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் 1994-இல் விரிவாக்கிய வாடகைக் கட்டுப்பாட்டை ஸ்டான்ஃபோர்ட் பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது இதே இரட்டை முகம் தெரிந்தது: பாதுகாக்கப்பட்டவர்கள் அதே வீட்டில் நீடிக்கும் வாய்ப்பு கூடியது, அந்தக் கட்டடங்களில் வாடகைக்கு விடும் வீடுகள் 15 சதவீதம் குறைந்தன, நகரம் முழுவதற்கும் வாடகை ஏறக்குறைய 5 சதவீதம் ஏறியது. பொருளியல் புத்தகக்காரர்கள் இரண்டாவது பாதியை மட்டும் சொல்வார்கள். முதல் பாதி எனக்கு அற்பமாகத் தெரியவில்லை. வயதான ஒருவர் தன் தெருவிலேயே, தன் மருத்துவர் அருகிலேயே இருக்க முடிவது எந்த அட்டவணையிலும் ஏறாத மதிப்பு.

ஆனால் புதுக் கட்டடத்தையும் வரம்புக்குள் இழுப்பது வேறு விஷயம். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில் 2021 நவம்பரில் மக்கள் ஓட்டுப்போட்டு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கொண்டுவந்தார்கள், புது வீடுகளையும் சேர்த்து. கட்டட அனுமதி விண்ணப்பங்கள் சடாரென்று விழுந்தன. அடுத்த ஆண்டே புது வீடுகளுக்கு 20 ஆண்டு விலக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

நான்கில் எது?

ஒரு நகரம் தேர்ந்தெடுப்பதற்கு முன் தன் மக்களின் முதுமை எதில் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓய்வூதியத்திலா, வீட்டிலா? பெரும்பாலோருக்கு வீடுதான் சேமிப்பு என்றால், விலையை இறக்கும் திட்டம் எதுவும் இரண்டு தேர்தல் தாண்டாது. அங்கே வாடகையைக் குறிவைக்கலாம், விலையைக் குறிவைக்க முடியாது. இரண்டும் ஒன்றல்ல. வாடகை என்பது வீடுகளின் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் பார்த்து நகரும். விலை அவற்றோடு வட்டியையும் பார்த்து நகரும்.

இதை நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் நன்றாகக் காட்டியது. 2016-இல் அந்நகரம் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில், ஒரு வீடு இருந்த மனையில் பல வீடுகள் கட்ட அனுமதித்தது. வரிசை வீடுகள் பெருகின, கட்டட அனுமதிகள் முன்பு காணாத உயரத்தைத் தொட்டன. ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மதிப்பீட்டில், விதி மாறாமல் இருந்திருந்தால் இருந்திருக்கும் வாடகையைவிட உண்மை வாடகை ஆறு ஆண்டில் கால்பங்கு அளவுக்குக் குறைவு. கணக்கிட்ட முறையோடு சண்டை போடுபவர்களும் உண்டு. ஆனால் 2020, 2021-இல் வட்டி விழுந்தபோது வீட்டு விலை தாறுமாறாக ஏறியது. இதைக் காட்டி திட்டம் தோற்றது என்றார்கள். தோற்கவில்லை, வட்டியின் வேலையை நகரத் திட்டத்தின் தலையில் எழுதினார்கள்.

நிலம் ஏற்கெனவே தனியார் கையில், விலையும் உச்சத்தில், மக்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றால் (பெரும்பாலான நகரங்களின் நிலைமை இதுதான்) வியன்னாவும் சிங்கப்பூரும் முதல் படியாகக் கிடைக்காது. நான் அங்கே டோக்கியோ, ஆக்லாந்து பக்கம்தான் சாய்வேன். விதியைத் தளர்த்துவதற்குக் கஜானா வேண்டாம். ஆனால் முடிவைத் தெருவாரியாக எடுக்காமல் மேலே, மாநிலம் அல்லது நாடு என்ற அளவில் எடுக்க வேண்டும். தெருவில் எடுத்தால் இருப்பவர்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள். வரப்போகிறவருக்கு அங்கே முகவரியே கிடையாதே. எதிர்ப்பு பலமாக இருந்தால் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரம் செய்த தந்திரம் ஒன்று உண்டு. 1998-இல் நகரத்தின் உள்வட்டத்தில் குறைந்தபட்ச மனை அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை இறக்கினார்கள். வேண்டாம் என்பவர்கள் தங்கள் தெருவுக்கு மட்டும் கையெழுத்துத் திரட்டி விலகிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவைத்தார்கள். கூச்சல் போட்டவர்கள் விலகினார்கள், மற்ற இடங்களில் வேலை நடந்தது. 2013-இல் அதையே நகரம் முழுவதற்கும் விரித்தார்கள். வெள்ளம் பாயும் தாழ்நிலத்திலும் கட்டவிட்டதன் விலையை 2017-இல் ஹார்வி புயல் வசூலித்தது. அந்தப் பாதியை யாரும் நகலெடுக்க வேண்டாம்.

தளர்த்தல் பலன் தரப் பத்தாண்டு ஆகும். அதுவரை வாடகைதாரர்கள் காற்றில் ஆட முடியாது. ஆகவே குடியிருப்பவருக்கு ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற மிதமான வரம்பு, பணவீக்கத்தோடு நகரும்படி, புதுக் கட்டடங்களுக்கு நீண்ட விலக்குடன். பெர்லின் போல உறைய வைப்பது வேண்டாம்.

ரயில் பாதை போடும் நகரம் என்றால் நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தைப் பாதை அறிவிக்கும் முன்பே கைப்பிடிக்க வேண்டும். 1910-இல் ஒசாகா அருகே கோபயாஷி இச்சிசோ தன் ரயில் பாதையோரம் வீட்டு மனைகளைப் பிரித்துத் தவணைக்கு விற்றார். பாதை உண்டாக்கிய ஏற்றத்தில் ஒரு பங்கு பாதைக்கே திரும்பியது. நூறு ஆண்டு கழித்தும் பல நகரங்கள் பாதையைத் தங்கள் செலவில் போட்டுவிட்டு, பக்கத்து மனைக்காரரிடம் லாபத்தை ஒப்படைத்துவிட்டு நிற்கின்றன.

வியன்னாவின் வழியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடவும் வேண்டாம். அதற்கு ஒரு பருவம் இருக்கிறது, அது தானாக வரும். வட்டி ஏறும், கட்டுநர்கள் அஸ்திவாரம் தோண்டிய மனைகளோடு திணறுவார்கள், வங்கிகள் நிலத்தைத் தள்ளிவிடப் பார்க்கும். அந்தச் சில மாதங்களுக்காக ஒரு நில நிதியையும், கையெழுத்துப் போடும் அதிகாரத்தையும் முன்பே தயார் செய்து வைத்திருக்கும் நகரத்துக்குத்தான் வியன்னா ஆகும் வாய்ப்பு கிடைக்கும். மன்றக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இருக்கிற வீடே பூட்டிக் கிடக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்று கட்டாயம் கேட்பார். 2004-இல் பெர்லினில் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய அதேதான்.